ஒரு மாணவர், இரண்டு இடங்கள்



பிளஸ் டூ முடிவு வரும் முன்பே கேளம்பாக்கத்தைச் சுற்றியுள்ள தனியார் பல்கலைக்கழகங்களில் பணம் கட்டி இடம் பிடித்துவிடுகிறோம். பிறகு அரசின் பொறியியல் கவுன்சிலிங்குக்கும் விண்ணப்பிக்கிறோம். "இது தப்பா, ஃபாதர்?" என்று கேட்கிறார்கள்.

விண்ணப்பிப்பது தவறல்ல. அமெரிக்காவில் 'எர்லி டிசிஷன்' என்றொரு முறை உண்டு. இடம் கிடைத்தால் அங்கேயே சேர்ந்து, மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவதாக மாணவர் கையெழுத்திடுகிறார். பெற்றோரும் பள்ளி ஆலோசகரும்கூட. அதை மீறினால் அது வாக்கு மீறல்தான். அறநெறிக்கு உட்பட்ட வாக்குறுதி காக்கப்பட வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2410) கற்பிக்கிறது. ஆனால் உதவித்தொகை போதாத குடும்பத்தை அக்கல்லூரிகளே விடுவிக்கின்றன.

நாம் கட்டும் முன்பணம் அத்தகைய வாக்கு அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு அலுவலகச் செலவு போக முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் கூடாது. உரிமையோடு கேளுங்கள்.

முடிவெடுத்த பிறகும் இரண்டையும் பிடித்துவைப்பதுதான் அநீதி. கவுன்சிலிங்கில் 2022-இல் வந்த முறைப்படி, குறித்த நாட்களுக்குள் சேராதவரின் இடம் அடுத்தவருக்குப் போகிறது. தனியார் கல்லூரிக்கோ நாம் சொன்னால்தான் தெரியும். பணம் போய்விடுமோ என்று பயந்தே பலர் மௌனமாயிருக்கிறார்கள். தாமதிக்கத் தாமதிக்கத்தான் அது குறையும்! காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் திருப்போரூரில் ஒரு தையல்காரரின் மகளாகவும் இருக்கலாம். எனவே, கவுன்சிலிங்கில் இடம் உறுதியான அன்றே விலகல் கடிதத்தை ரசீது நகலோடு அனுப்பிவிடுங்கள்.