பிள்ளையார் பிடிக்க, காடிலாக்

ஆவணியில் சதுர்த்தி நெருங்கினால் குயவர் வீடுகளில் மர அச்சுக்கு வேலை வந்துவிடும். ஈரக் களிமண்ணை அச்சுக்குள் அமுக்கி, விளிம்பில் பிதுங்கியதை வழித்துவிட்டு, பலகையில் ஒரு தட்டு. தொந்தியும் தும்பிக்கையுமாகப் பிள்ளையார் வந்துவிடுவார். குன்றிமணி இரண்டைப் பதித்தால் கண் திறந்தாயிற்று. வழித்த மண் பக்கத்தில் குந்தியிருக்கும் பொடியன்களுக்கு. அதில் அவர்கள் பிடிப்பது பெரும்பாலும் கார்தான். நாலு சோடா மூடி, நாலு சக்கரம்.

புதுச்சேரிக் கிராமப்புறத்தில் பிள்ளையார்குப்பம் இரண்டு உண்டு. ஒன்று வில்லியனூர்ப் பக்கம். இன்னொன்று பாகூர் கொம்யூனில், கடலூர் சாலையோரம். சுற்றிலும் மண்வேலைக்குப் பேர்போன பூமி. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பரம்பரையாக அந்தக் கலையைச் செய்துவரும் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இங்கே நின்றுகொண்டு அமெரிக்கப் பழங்கார்களின் குட்டி மாதிரிகளைப் பற்றிப் பேசுவது அசலூர்க் கதையாகத் தோன்றலாம். ஆனால் டெட்ராய்ட்டின் பெரிய கார்களும் முதலில் களிமண்ணில் பிடிக்கப்பட்டவைதான்.

ஹார்லி எர்ல் ஹாலிவுட்டில் வளர்ந்தவர். அப்பா வண்டிக்கூடு கட்டும் பட்டறை வைத்திருந்தார். மகன் சினிமா நட்சத்திரங்களின் கார்களுக்குப் புதுக்கூடு போட்டுப் பேர் வாங்கினார். 1927-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அவரிடம் காரின் அழகுக்கென்றே ஒரு தனிப் பிரிவை ஒப்படைத்தது. எர்ல் களிமண்ணை நம்பியவர். முதலில் சின்ன உருவம். அது பிடித்துப்போனால் மரச்சட்டத்தின் மேல் மண் அப்பி அசல் அளவில் ஒன்று. சீவுவது, தடவுவது, தள்ளி நின்று பார்ப்பது, மறுபடி சீவுவது.

அவர்கள் மண் நம் ஏரி மண் இல்லை. மெழுகும் எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தது. சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும், உலர்ந்து வெடிக்காது. மாதக்கணக்கில் வைத்துத் திருத்தலாம். வில்லியனூர்க் கலைஞருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் மண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். சுருங்கப்போவதை மனதில் அளந்து, முன்கூட்டியே பெரிதாகப் பிடிக்க வேண்டும்.

மண் வளைந்துகொடுத்ததால்தான் அந்தக் கார்களுக்கு அப்படியொரு உடம்பு வாய்த்தது. லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலில் மயங்கிய எர்லின் குழு, 1948 காடிலாக்கின் பின்புறத்தில் சின்னதாக இரண்டு துடுப்புகளை வைத்தது. 1959-க்குள் அந்தத் துடுப்பு சுறா முதுகுபோல ஓங்கி, பக்கத்துக்கு இரண்டு சிவப்பு விளக்குகளையும் ஏந்திக்கொண்டது. அந்தக் காரின் நீளம் 225 அங்குலம், ஏறக்குறைய 19 அடி. நம் தெருவில் குறுக்கே நிறுத்தினால் மாட்டுவண்டிகூடப் போகாது. இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் சரியாக 9 அங்குலம். புத்தக அலமாரியில் அடங்கிவிடும்.

இந்த 1/25 அளவு புழக்கத்துக்கு வந்ததே கார் விற்பனையால்தான். 1948-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், கார் கம்பெனிகளுக்காகப் பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்துகொடுத்தது. ஷோரூமுக்கு வருகிறவர் காரை யோசித்துக்கொண்டிருக்கும்போது, கூட வந்த பிள்ளையின் கையில் அதே கார், கம்பெனி வண்ணத்திலேயே. அப்பாவின் மனதை மாற்ற அது போதாதா? அந்த ஆரம்பகால மாதிரிகள் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை. ஆண்டுகள் போகப்போக அதுவும் சுருங்கி, முதுகு வளைந்துவிட்டது. சேகரிப்பாளர்கள் இன்றும் அத்தகைய மாதிரியை வாங்குமுன் தரையில் வைத்து நாலு சக்கரமும் படிகிறதா என்று பார்ப்பார்கள். பாலிஸ்டைரீன் வந்த பிறகுதான் அந்தக் கவலை தீர்ந்தது.

1958-ல் ஏ.எம்.டி. ஒரு காரியம் செய்தது. முழுக் காரைத் தராமல் பாகங்களாகப் பெட்டியில் போட்டு 'கிட்' ஆக விற்று, ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டலாம் என்றது: கம்பெனியில் வந்தபடி, சொந்த ரசனைப்படி, அல்லது பந்தயக் காராக. பையன்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். ரெவெல், மோனோகிராம், எம்.பி.சி., ஜோ-ஹான் என்று இதில் போட்டியிட்ட பெயர்கள் இன்றும் சேகரிப்பாளர்கள் நடுவே மந்திரம்போலப் புழங்குகின்றன.

நம் ஊர் வழக்கில் அசல் அமெரிக்கக் கார்களுக்குப் பெயர் 'பிளஷர்'. தாத்தாக்கள் சொல்லும் பிளஷர் காரில் பல, இங்கேயே கோத்தவை. ஃபோர்டு 1926-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இந்தியாவுக்கு வந்தன. 1940-களின் பிற்பகுதியில் வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லரின் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்களைப் பம்பாயில் கோக்க ஆரம்பித்தது. பாகம் பாகமாகக் கப்பலில் பெட்டிகள் வரும். இங்கே ஆட்கள் வரைபடம் பார்த்து முடுக்குவார்கள். யோசித்துப் பார்த்தால், அதுவும் நம்மவர்கள் கட்டிய அமெரிக்க கார் கிட்தான். அளவு மட்டும் ஒன்றுக்கு ஒன்று.

சின்னப் பெட்டியைத் திறந்தால், கொடியில் காய் தொங்குவதுபோல ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கதவும் பம்பரும் இன்ஜினும் தொங்கும். திருகிப் பிய்த்தால் தழும்பு விழும். நிப்பரால் வெட்டி, உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். இதற்கான பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கவைக்கிறது. கொஞ்சம் வழிந்தாலும் அந்த இடம் உருகிப்போகும். என் முதல் காரில் விரல் ரேகையோடு ஒரு துளி பசை முன்கண்ணாடியில் பட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பதன் முழு அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த ரேகை இன்னும் அங்கேயே இருக்கிறது.

பெயிண்ட் வேலைக்கு நம் கடலோர ஈரம் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் அடித்தால், காய்வதற்குள் காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்புக் கார் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். அந்த மாதங்களில் மண்பாண்டம் செய்கிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். பச்சை மண் காயாது, சூளை மூட்ட முடியாது. வெயில் திரும்பும்வரை இரண்டு தொழிலுக்கும் ஒரே விடுமுறை.

மழைக்கு ஒரு முடிவு உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் கிட்டின் மேல் விழும் வரி அப்படி இல்லை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. சுங்க அட்டவணையில் பொம்மைக்கும் அளவு மாதிரிகளுக்கும் ஒரே தலைப்பு. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காக்கும் வரி, நாற்பது வயதுக்காரரின் காடிலாக்கையும் கிலுகிலுப்பையோடு சேர்த்துப் பிடித்துவிடுகிறது.

சரி, பெட்டி வராவிட்டால் என்ன? இதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை பையன்களுக்காக ஒரு கைவினைப் போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரைக் கோச்சு வண்டியைச் சிறிதாகச் செய்யச் சொன்னார்கள். பிறகு 1/12 அளவில் கார். கடையில் வாங்கிக் கோத்தது செல்லாது. உருவமும் உன்னுடையது, உழைப்பும் உன்னுடையது என்பதுதான் விதி. வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான பணம். 1947-ல் பரிசு வென்ற சக் ஜோர்டான் என்ற இளைஞர், 1986-ல் அதே ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புப் பிரிவின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். விளையாட்டாகச் செய்த சின்னக் கார், ஆளைப் பெரிய கார்களிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

கடலூர் சாலையில் நிற்கும் டெம்போவை இதுவரை யாரும் கிட்டாகப் பெட்டியில் போட்டு விற்றதாகத் தெரியவில்லை. அதைச் செய்ய ஓர் அளவு நாடாவும், பன்னிரண்டால் வகுக்கத் தெரிந்த ஒரு பையனும் போதும். மண் சுருங்குவதற்கு எவ்வளவு சேர்த்துப் பிடிப்பது என்ற கணக்கை, பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்துவிடுவார். அடுத்த சதுர்த்திக்கு அச்சு விளிம்பில் வழிக்கிற மண்ணைக் கொஞ்சம் தாராளமாக வழித்தால் நல்லது.