உப்புக் காற்றில் வெளுத்த ஷூ
மறுபடியும் பளபளக்குமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில், வள்ளியாறு அரபிக் கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது கடியப்பட்டணம். மீனவர்கள் வாழும் ஊர்.

வெறுங்காலோடு மணலில் இறங்கி வள்ளம் தள்ளும் ஊரில் தோல் ஷூவுக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது! கல்யாணத்தன்று மாப்பிள்ளை காலில் ஷூ வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வேண்டும். கப்பல் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றால் கட்டாயம் வேண்டும்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகனுக்கு வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. இன்னும் நான்கே நாள். புது ஷூ வாங்கக் கையில் பணம் இல்லை. அப்பா கல்யாணத்துக்கு வாங்கிய கருப்பு ஷூ டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஆவலோடு பெட்டியைத் திறக்கிறான்.

ஐயோ! ஷூ முழுவதும் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். முனையில் கருப்பு போய்ச் சாம்பல் நிறம். ஓரத்தில் வெள்ளைக் கோடு.

“தூக்கி எறிஞ்சிரட்டுமா அம்மா?” என்கிறான்.

“பொறு மக்கா!” என்கிறாள் தாய்.

தாய் சொன்னதுதான் சரி. அந்த ஷூவைக் காப்பாற்றலாம். எப்படி?

மூன்று எதிரிகள்

தோல் என்பது மிக நுண்ணிய நார்களின் பின்னல். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பில் ஊறவைத்துத் தோலைப் பதப்படுத்துவது தமிழ்நாட்டின் பழைய தொழில். இன்று பெரும்பாலும் குரோமிய உப்பு பயன்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இத்தொழிலுக்குப் பேர்போனவை. தோலைப் பற்றி ஆராய்வதற்கென்றே சென்னை அடையாறில் 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

பதப்படுத்தும்போது தோலின் நார்களுக்கு இடையே எண்ணெய்ப் பசை ஏற்றுவார்கள். அந்தப் பசை இருக்கும்வரை தோல் வளையும். அது போனால் தோல் வறண்டு வெடிக்கும்.

கடற்கரையில் தோலுக்கு மூன்று எதிரிகள் உண்டு.

முதல் எதிரி உப்பு. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காயும்போது வெள்ளைக் கோடாகப் படியும்.

இரண்டாவது எதிரி ஈரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் பெறும் மாவட்டம் இது. மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

மூன்றாவது எதிரி மணல். பக்கத்து ஊரான மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை இருக்கிறது. அந்தக் கனிமங்களில் ஒன்று கார்னெட். உப்புத்தாள் செய்யப் பயன்படும் அதே பொருள்! மணலோடு ஷூவைத் துடைத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான்.

முதல் நாள் வேலை

நாடாவை முதலில் கழற்றிவிட வேண்டும். ஷூவை முற்றத்துக்குக் கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பூஞ்சணத்தையும் மணலையும் பிரஷால் தட்ட வேண்டும். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சணத் தூள் மற்றத் தோல் சாமான்களுக்கும் பரவும்.

பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் சரிபாதி தண்ணீர் கலந்து, துணியில் லேசாக நனைத்துத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்பருகே கூடாது! சாயம் போகிறதா என்று உள்பக்க ஓரத்தில் முதலில் சோதிப்பது நல்லது.

உப்புக் கோட்டுக்கு வினிகர் போதும். அதிலும் சரிபாதி தண்ணீர் கலந்து துடைத்து, பின் வெறும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

அடுத்தது பழைய பத்திரிகைத் தாள். படித்து முடித்த தாளைக் கசக்கி ஷூவுக்குள் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும், வடிவமும் கெடாது. தாள் நனைந்தால் மாற்ற வேண்டும். நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள் காயட்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தாலும் அடுப்பருகே வைத்தாலும் தோல் விறைத்துப்போகும்.

நிறம் திரும்புவது எப்படி?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ் முக்கியமாகப் பளபளப்புக்கு. போன நிறத்தை மீட்க, அதே நிறத்தில் கிரீம் பாலிஷ் வேண்டும். அதில் நிறமும் பசையும் கூடுதல்.

வெளுத்த இடத்தில் கிரீமை மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கால்மணி நேரம் ஊறவிட்டு பிரஷ் போட வேண்டும். நிறம் போதாவிட்டால் இன்னொரு பூச்சு. தடிமனாக ஒரே பூச்சு போட்டால் வெடித்து உதிரும். நிறம் சமமான பிறகே மெழுகு பாலிஷ்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வில்லியம் ராம்சே என்பவர் 1906-ல் ‘கிவி’ பாலிஷைத் தொடங்கினார். கிவி என்பது நியூசிலாந்துப் பறவை. அவருடைய மனைவி அந்த நாட்டுக்காரர். மனைவியின் ஊர்ப் பறவை உலகமெங்கும் டப்பாவில் ஏறியது!

நல்ல பாலிஷ்களில் சேரும் கார்னௌபா மெழுகு, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. நம் ஊர்ப் பனைக்கு அது தூரத்து உறவு.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். முதலில் மினுமினுக்கும். ஆனால் தோல் திட்டுத்திட்டாகக் கருக்கும், நாளடைவில் சிக்கு வாடை வரும், பாலிஷும் ஒட்டாது.

பாலிஷால் முடியாததும் உண்டு. ஆழமாக வெடித்த தோல் மறுபடி சேராது. உரிந்த ரெக்சினுக்கு நிறம் ஏறாது. சில ஷூக்களின் அடிப்பாகம், போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் பிட்டுப்போல் உதிரும். ஆகவே புறப்படுவதற்கு முன் அடியை வளைத்துப் பார்க்க வேண்டும். பிரிந்த தையலைச் செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்தால் சிறு செலவில் முடியும்.

நான்காம் நாள் காலை

மகன் காலில் அப்பாவின் ஷூ. முனையில் கருப்பு திரும்பிவிட்டது. ஒரு மடிப்பில் மட்டும் பழைய சுருக்கம் தெரிகிறது. அது போகாது, போகவும் வேண்டாம்.

திரும்பி வந்ததும் மணலைத் தட்டி, துடைத்து, உலர்த்தி, துணிப்பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது. டிரங்குப் பெட்டியும் கூடாது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைத்தால், அடுத்த தம்பிக்கும் அந்த ஷூ உதவும்.