பாத்தி வரை வராத பணம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது வண்டியை நிறுத்துபவர்கள், பெரும்பாலும் உப்புக் குவியல்களைப் படம் எடுக்கத்தான் நிறுத்துகிறார்கள். எனக்கு அந்த ஊர் பிடிப்பது வேறொரு பருவத்தில். ஐப்பசி மழையில் பாத்திகள் முங்கி, உப்பு வாருகிற வேலை நின்று, வரப்புகளில் ஆள் நடமாட்டம் அற்றுப்போன பிறகு. அந்தச் சமயத்தில்தான் வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்குகின்றன. கணுக்கால் அளவுத் தண்ணீரில் கொசு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும். நெடுங்கால் உள்ளான்கள் அளந்து அளந்து நடக்கும். தள்ளி, ஆழம் கொஞ்சம் கூடிய இடத்தில், பூநாரைகள் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருக்கும்.

உப்பளம் பறவைக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. கடல் தண்ணீர் ஒரே நாளில் உப்பாகிவிடுவதில்லை. பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டிச் சுண்டி உறைக்கிறது. மீன் தாங்காத உப்பிலும் ஆர்டீமியா என்ற சின்னஞ்சிறு இறால் செழிக்கும். தின்ன மீன் இல்லாததால் அது கணக்கில்லாமல் பெருகும். பூநாரையின் இளஞ்சிவப்புக்கு மூலம் இந்த இறாலிலும் பாசியிலும் உள்ள நிறமிதான். மனிதன் பிழைப்புக்காகக் கட்டிய வரப்பு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் உயிருக்குப் பந்தியாகிவிட்டது.

பாத்திகளுக்கு அருகில் விரிந்து கிடப்பது கழுவெளி. ஏரிகளின் உபரி நீர் வந்து சேர, கழி வழியாகக் கடல் தண்ணீரும் ஏறி வருகிற பெரிய சதுப்பு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இங்கே 5,151.60 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. 2023 பட்ஜெட்டில், மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. எல்லாமே மகிழ்ச்சி தந்த செய்திகள். ஆனால் பறவை, சரணாலய எல்லைக்கல்லைப் பார்த்து இறங்குவதில்லை. சதுப்பில் தண்ணீர் ஏறினால் பாத்திக்குப் போகும், பாத்தி காய்ந்தால் சதுப்புக்குத் திரும்பும். இரண்டும் சேர்ந்தால்தான் அதற்கு ஒரு வீடு.

இந்த வீட்டின் ஒரு பாதிக்குத்தான் சட்டத்திலும் பணத்திலும் இடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், எது ஈரநிலம் என்று வரையறுக்கும்போதே, உப்பு உற்பத்திக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளை விலக்கி வைத்துவிட்டன. காடு அழித்தால் ஈட்டுத்தொகை வாங்கிச் சேர்க்கிற காடு வளர்ப்பு நிதி இருக்கிறது. உப்பளம் காடும் அல்ல. தமிழ்நாடு ஈரநில இயக்கம் ஐந்து ஆண்டுகளில் 100 ஈரநிலங்களுக்கு என்று 115.15 கோடி ரூபாய் ஒதுக்கியது. சராசரி பார்த்தால் ஓர் ஈரநிலத்துக்கு ஆண்டுக்கு 23 லட்சம் ரூபாய். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நல்ல வீடு ஒன்று இதைவிடப் பல மடங்கு விலை போகும்.

சென்னையும் புதுச்சேரியும் இந்தச் சாலை நெடுக ஒன்றை நோக்கி மற்றொன்று வளர்ந்துகொண்டிருக்கின்றன. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் ஒரு மணி நேரத்துக்குள். சாலை அகலமாகிறது, மனைப்பிரிவுக் கொடிகள் தெற்கே தெற்கே நகர்கின்றன. நகரம் இப்படி வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு கண்முன்னால் கிடக்கிறது. ஒரு காலத்தில் அதுவும் இன்றைய கழுவெளி அளவுக்கு விரிந்து கிடந்ததுதான். குப்பைமேடும் குடியிருப்பும் கட்டடங்களும் தின்றது போக, 2022-இல் ராம்சார் பட்டியலுக்குப் போனபோது கணக்கில் வந்தது 1,247.54 ஹெக்டேர். மும்பையில் உப்பளத்துக்கே நேரடியாக நேர்ந்தது: தாராவி குடிசைப் பகுதி மக்களின் மறுகுடியமர்வுக்காக 255.9 ஏக்கர் உப்பள நிலத்தைக் கொடுக்க 2024-இல் ஒப்புதல் ஆனது. ஏழைக்கு வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனாலும் நிலம் தேவைப்படும்போதெல்லாம் உப்பளமே நினைவுக்கு வருவது எனக்கு உறுத்துகிறது. கணக்கேட்டில் அதற்கு மதிப்பே எழுதப்படவில்லை, அதனால்தான்.

மதிப்பு எழுதிய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா. நெருக்கமான நகரங்கள் சூழ்ந்த அந்தக் கரையில் கார்கில் நிறுவனம் உப்பு காய்ச்சிக்கொண்டிருந்தது. 2003-இல் தெற்கு விரிகுடாவில் மட்டும் 15,100 ஏக்கர் உப்புப் பாத்திகள் அரசுப் பணமும் அறக்கட்டளைப் பணமும் கொண்டு வாங்கப்பட்டன. எல்லாவற்றையும் உடைத்துக் கடலுக்கு விட்டுவிடவில்லை. உப்புப் பாத்தியை நம்பி வாழப் பழகிய பறவைகளுக்காகச் சில பாத்திகளைப் பாத்தியாகவே வைத்துத் தண்ணீர் மட்டத்தைக் கவனித்துக்கொள்கிறார்கள். தொடர்ந்து பார்த்துக்கொள்ளப் பணம் வேண்டுமே? 2016-இல் விரிகுடாவைச் சுற்றிய ஒன்பது மாவட்ட மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 12 டாலர், 20 ஆண்டுகளுக்கு. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற கடினமான விதியையும் தாண்டி அது நிறைவேறியது. ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டாலர். மாளிகைக்கும் 12, குடிசைக்கும் 12 என்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நகரம் வளர்ந்ததால் யாருடைய மனைக்கு விலை ஏறியதோ, அவரிடமிருந்தே கேட்டார்கள் பாருங்கள், அது சரியான வாசல்.

அந்த வாசல் நம்மிடமும் திறந்துதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் சொத்து வாங்கினால் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். அந்த 7-க்குள்ளேயே உள்ளாட்சிகளுக்குப் போய்ச் சேரும் கூடுதல் தீர்வை அடங்கியிருக்கிறது. சாலை, விளக்கு, குடிநீருக்கு நிலப் பதிவிலிருந்து பங்கு எடுப்பது நமக்குப் புதிதல்ல. மாமல்லபுரம் தொடங்கிப் புதுச்சேரி எல்லை வரை இந்தக் கரையில் பதிவாகும் மனைகளின் வருவாயில் ஒரு துளியைக் கழுவெளிக்கும் உப்பளத்துக்கும் என்று எழுதி ஒதுக்கினால், ஆண்டுதோறும் பட்ஜெட் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். பார்வையாளர் மாடத்துக்கும் வளைவுக்கும் முன்னால், வரப்பில் நிற்கிறவர் கைக்கு. மழைக்காலத்தில் வேலை இல்லாத மூன்று மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு இப்போது 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பறவைகள் வருவதும் அதே மாதங்களில். எந்தப் பாத்தியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், எந்த மடையைத் திறந்தால் எங்கே வடியும் என்பது அவர்களுக்கு உள்ளங்கை போலத் தெரியும். அந்த மூன்று மாதமும் பாத்திகளில் தண்ணீரைக் கணுக்கால் அளவில் நிறுத்தி வைக்க, உடைந்த கரையை அடைக்க, வேட்டைக்கு வருபவரைத் தடுக்க, வந்த பறவைகளை எண்ணிச் சொல்ல அவர்களுக்கே சம்பளம் கொடுக்கலாம். நிவாரணம் நிவாரணமாகவே இருக்கட்டும். இது அதற்கு மேல், வேலைக்கான கூலியாக. தை பிறந்ததும் அவர்கள் தண்ணீரை வடித்து, பாத்தியை மிதித்து இறுக்கி, உப்புக்குத் தயார் செய்யப் போய்விடுவார்கள்.