தோள் வலிப்பது ஏன்?

வீட்டில் வயதானவர்கள் கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை என்றால் "வாயுப் பிடிப்பு, தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடுகிறோம். பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும் அன்னையருக்கும், ஆண்டுக்கணக்கில் கரும்பலகையில் எழுதிய ஆசிரியைகளுக்கும் வரும் தோள்வலியையும் இப்படித்தான் ஒதுக்கிவிடுகிறோம். அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போமா?

நம் உடலில் மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டு தோள்மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பிலுள்ள ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. இடுப்பு மூட்டின் குழி கிண்ணம்போல் ஆழமானது. தோளின் குழியோ சிறு தட்டுப் போன்றது. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டுவிடாமல் எதுவாவது பிடித்துக்கொள்ள வேண்டுமல்லவா? அந்த வேலையை நான்கு தசைகள் செய்கின்றன. அவற்றின் தசைநாண்கள் ஒன்றுசேர்ந்து, சட்டைக் கையின் முனையிலுள்ள பட்டிபோல் எலும்புத் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் 'ரொட்டேட்டர் கஃப்' என்று பெயர். சட்டையில் நாம் பொத்தான் போடும் அதே 'கஃப்'தான்! நான்கில் அடிக்கடி கிழிவது மேலே உள்ள 'சூப்ராஸ்பைனேட்டஸ்' தசையின் நாண். (இந்தப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், தோழியரே, தேர்வில் வராது.)

கீழே விழுந்து ஒரே நொடியில் நாண் கிழிவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும், பலமுறை துவைத்த துணி நைவதுபோல, வயதாக ஆகச் சிறிது சிறிதாகவே கிழிகிறது.

இங்கேதான் நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ஜப்பானில் ஒரு மலைக் கிராமத்து மக்களின் 1366 தோள்களைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு தோளில் நாண் கிழிந்திருந்தது. தோளில் எந்தத் தொல்லையும் இல்லை என்றவர்களிலும் 16.9 சதவீதத்தினருக்குக் கிழிசல் இருந்தது! பெரிய கிழிசல் என்றால் பெரிய வலி என்றும் இல்லை. அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று 2014இல் வெளியிட்ட ஆய்வில், கிழிசலின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அப்படியானால் கிழிசலே வலி என்ற கணக்கு உதைக்கிறதே!

விடையின் ஒரு பகுதி மூட்டின் சவ்வில் இருக்கிறது. மூட்டின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அது சுரக்கும் நீர், வண்டி அச்சுக்கு மசகுபோல மூட்டுக்கு உதவுகிறது. தசைநாணுக்கும் அதன் மேலே கூரைபோல் நிற்கும் எலும்புக்கும் இடையே 'பர்சா' என்னும் சிறு பையும் உண்டு. நாண் கிழிந்தவர்கள் பலருக்கு இந்தச் சவ்வும் பையும் சிவந்து தடித்துவிடுகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் தோன்றுகின்றன. 'இன்டர்லூக்கின்' போன்ற வேதிப்பொருள்கள் சுரந்து நரம்பு முனைகளை உறுத்துகின்றன. இதுவே அழற்சி. நாண் பாதி கிழிந்தவர்களைவிட முழுதும் கிழிந்தவர்களின் சவ்வில் அழற்சி மிகுதி என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அழற்சிப் பொருள்கள் நாணையும் குருத்தெலும்பையும் மேலும் நலியச் செய்யக்கூடும். கிழிசல் அழற்சியைத் தூண்ட, அழற்சி கிழிசலுக்குத் துணைபோகிறது. பகலில் வேலை செய்துவிட்டவர், இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுத்ததும் துடித்து எழுவது இந்த நோயில் அடிக்கடி காணப்படுவது. "பகலெல்லாம் நன்றாகத்தானே இருந்தீர்கள்?" என்று நாம் கேட்பது நியாயமில்லை.

இனி மருத்துவம். தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். அழற்சியைத் தணிக்க மாத்திரைகள் உண்டு. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல ஆறுதல் தரும். ஆனால் அடிக்கடி போட்டால் நாண் வலுவிழக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். சுளுக்கு எடுக்கிறேன் என்று முரட்டுத்தனமாகக் கையை முறுக்கி இழுப்பதை நாங்கள் சிறிதும் ஒப்புக்கொள்ள மாட்டோம். வலிக்கிறதே என்று மாதக்கணக்கில் கையை அசைக்காமல் வைத்திருப்பதும் ஆபத்து, மூட்டு இறுகிவிடும்.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா? அடிபடாமல் நாண் முழுதும் கிழிந்த 452 பேருக்கு அமெரிக்காவில் முறையான உடற்பயிற்சி கற்பித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அறுவை சிகிச்சைக்குச் சென்றார்கள் என்று 2013இல் எழுதினார்கள். ஆனால் விழுந்து அடிபட்டு, திடீரெனக் கையைத் தூக்க முடியாமல் போனால் காத்திருக்கக் கூடாது. கிழிந்த நாண் உள்ளே சுருங்கிக்கொள்ளும். நாளடைவில் தசை கொழுப்பாக மாறும். பிறகு தைப்பதும் கடினம்.

தோளைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர் எர்னஸ்ட் காட்மன். கிழிந்த நாணைத் தைத்ததைப் பற்றி 1911இல் எழுதினார். 1934இல் தோளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் பயிற்சி மிக எளியது. டாக்டர் அனுமதித்த பின், நல்ல கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிட வேண்டும். உடலை மெல்ல அசைத்தால், கயிற்றில் தொங்கும் வாளிபோல் கை முன்னும் பின்னும் ஆடும். பிறகு சிறு வட்டமாக ஆடவிடலாம். கை தானாக ஆட வேண்டுமே தவிர, வலிந்து ஆட்டக் கூடாது. வலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.