உடம்புக்குப் பதினாலு நிமிடம், சுவருக்குப் பத்து மணி நேரம்

பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தானுக்குச் சைக்கிளில் வருகிறவருக்கு வழியில் அவ்வளவாக வேர்த்ததாகவே தெரியாது. டீக்கடை வாசலில் காலை ஊன்றி வண்டியை நிறுத்தியதும்தான் நெற்றி, முதுகு, முழங்கை என்று எல்லாப் பக்கமும் கொட்டத் தொடங்கும். உண்மையில் வழி நெடுக அதே அளவு வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவர் தனக்கென ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார்: நொடிக்கு நாலு மீட்டருக்குச் சற்று மேல். துளிர்த்த வியர்வையைத் துளிர்த்த இடத்திலேயே அது உலர்த்திவிடுகிறது. வண்டி நின்றால் அந்தக் காற்றும் நின்றுபோகும். தொடைத் தசையில் தேங்கிய சூடு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே வந்துகொண்டிருக்கும்.

மே மாதத்தில் காரைக்குடியிலிருந்து கிளம்பி செட்டிநாட்டு ஊர்களான கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வழியாகத் திருமயம் கோட்டை வரை போய்த் திரும்புவது ஒருநாள் சைக்கிள் பயணத்துக்குத் தோதான வழி. ஏற்ற இறக்கம் குறைவு. வெயில்தான் ஏற்றம். "இந்த வெயில்ல எங்க தம்பி கெளம்பிட்டீக?" என்று கேட்காத ஆள் வழியில் இருக்க மாட்டார். கேள்வி நியாயமானது. அதற்கான பதிலைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

மனித உடம்பு மோசமான என்ஜின். சாப்பிட்டதிலிருந்து எடுக்கும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காடுதான் மிதிகட்டைக்குப் போய்ச் சேர்கிறது. மிச்சம் அத்தனையும் வெப்பம். நிதானமாக, 100 வாட் அளவில் மிதிக்கிறவரின் உடம்புக்குள் 300 வாட்டுக்குக் குறையாமல் சூடு உண்டாகிறது. அது வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ எடையுள்ளவரின் உடல் வெப்பம் ஏறக்குறைய 14 நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37 டிகிரியில் கிளம்பியவர் முக்கால் மணி நேரத்துக்குள் 40ஐத் தொட்டுவிடுவார். வெப்பத்தாக்கு என்று மருத்துவர்கள் சொல்லும் எல்லை அது.

தொடாமல் காப்பது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாக 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. 300 வாட்டைச் சமாளிக்க மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆவியானால் போதும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் உடம்புக்கு நஷ்டமே தவிர லாபம் இல்லை.

தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை சைக்கிள் காற்று இரண்டு வேலை செய்கிறது: சூட்டை நேராகவும் எடுக்கிறது, வியர்வையையும் உலர்த்துகிறது. பத்து மணிக்கு மேல் காற்றின் சூடு 36, 38 என்று ஏறினால் கதை மாறுகிறது. வீசுகிற காற்றே உடம்புக்குச் சூட்டை ஏற்றுகிறது. வியர்வை ஒன்றுதான் துணை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதுவும் கைவிட்டுவிடும். முழு ஈரப்பதத்தோடு 35 டிகிரி என்பதே மனித உடம்பு தாங்கும் எல்லை என்று 2010இல் ஒரு கணிப்பு வந்தது. பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைச் சூடேற்றிய அறைக்குள் வைத்துச் சோதித்தபோது எல்லை இன்னும் கீழே, 31 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பது தெரிந்தது. அவர்கள் செய்ததும் லேசான வேலைதான். அதனால் வெப்பமானியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதில் பயனில்லை. ஒரே 36 டிகிரி, தொண்டிக் கடற்கரையில் வாட்டுகிற மாதிரி உள்நாட்டில் வாட்டாது.

உச்சிவேளையில் உடம்பு தோற்கும் இடத்தில் செட்டிநாட்டு வீடு ஜெயிக்கிறது. முகப்புத் திண்ணையைத் தாண்டி வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள், காலடி வைத்ததும் வித்தியாசம் தெரியும். ஓர் அடி கனமுள்ள செங்கல் சுவரின் வெளிப்பக்கம் வாங்குகிற வெப்ப அலை, உள்பக்கம் வந்து சேரப் பத்து மணி நேரம் வரை பிடிக்கும். அதுவும் வழியிலேயே பெரும்பகுதி தேய்ந்து, பத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சாமல் வரும். மதியம் ஒரு மணி வெயில் இரவு பதினொன்றுக்கு எட்டிப் பார்க்கிறது; அப்போது முற்றம் திறந்திருக்கிறது, வானம் குளிர்ந்திருக்கிறது, சூடு மேலே போய்விடுகிறது. உடம்புக்குப் பதினாலு நிமிடம்தான் தவணை. சுவருக்கு அரை நாள்.

சுவர் மட்டுமல்ல. வாசலில் நின்று பார்த்தால் புழக்கடைக் கதவு வரை நேர்கோட்டில் தெரியும்படி கட்டுக்குப் பின் கட்டாக வீட்டை நீட்டியிருப்பதால் காற்றுக்கு வளைய வேண்டிய வேலையில்லை. அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடுகளுக்கு இடையே காற்று தங்குகிறது. சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய வெண்பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. எல்லா மாளிகையும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. பின்னாளில் பெருமைக்காக எழுப்பிய மாடி அறைகள் சிலவற்றில் மதியத்துக்கு மேல் உட்கார முடியாது. பூட்டிக் கிடக்கும் வீடுகள் வேறு ஏராளம். பிரித்து விற்ற வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம்; செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருந்தும் அந்த வியாபாரம் நிற்கவில்லை.

வளவில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்போது பாதத்தில் ஏறும் குளிர்ச்சி ஆத்தங்குடிக் கல்லுடையது. கல் என்பது பேச்சுவழக்குதான். சூளையே பார்க்காத சிமென்ட் ஓடு அது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் பரப்பி அழுத்திச் சமன்படுத்துவார்கள். இறுகிய பிறகு தண்ணீரில் ஊறப் போடுவார்கள். கண்ணாடியைப் பிரித்ததும் தெரிகிற பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. அறையின் சூட்டில்தான் தரையும் மரத்தூணும் இருக்கின்றன; ஆனாலும் தரை குளிர்கிறது, தூண் குளிர்வதில்லை. சிமென்டும் அதற்குக் கீழே உள்ள மண்ணும் பாதத்தின் சூட்டை மரத்தைவிட வேகமாக உறிஞ்சிவிடுவதுதான் காரணம்.

இதற்கு நேர் எதிர் திருமயம். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, மொட்டைப் பாறைக் குன்றின் மேல் நிற்கிறது. அங்கும் கனத்த கல்தான், ஆனால் நிழலும் இல்லை, பூச்சும் இல்லை. காலையிலிருந்து வாங்கிய வெயிலைப் பாறை சாயங்காலம் வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கோட்டை ஏற ஆசைப்படுகிறவர் முதல் வேலையாக அதை முடித்துவிட்டு, திரும்பும் வழியில் செட்டிநாட்டு வீடுகளுக்குள் நுழைவது புத்திசாலித்தனம்.

டயருக்கும் வெயில் உண்டு. காலையில் 27 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. அடித்த டியூப், தார் ரோட்டின் மேல் 60 டிகிரி வரை காய்ந்தால் காற்றழுத்தம் 68ஐ நெருங்கும். நல்ல டயர் இதைத் தாங்கும். பக்கவாட்டில் வெடிப்பு விட்ட பழைய டயரும், அவசரமாக ஒட்டிய பஞ்சரும் தாங்காது. நிறுத்தும்போது புளியமரத்து நிழலைத் தேடுவது வண்டிக்கும் சேர்த்துத்தான்.

குடிக்கிற விஷயத்தில் இரண்டு தலைமுறையாக இரண்டு எதிரெதிர்த் தப்புகள் நடந்திருக்கின்றன. ஒரு காலத்தில், தண்ணீர் குடித்தால் வேகம் குறையும் என்று பந்தயக்காரர்கள் நம்பினார்கள். 1967 ஜூலை 13 அன்று, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மோன் வான்டூ மலையின் வெயிலில் டாம் சிம்ப்சன் விழுந்து இறந்தார். சூட்டோடு, உட்கொண்டிருந்த ஊக்கமருந்தும் மதுவும் அவரைக் கொன்றன. பிறகு அலை மறுபக்கம் அடித்தது: குடி, இன்னும் குடி. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. வியர்வையில் போனதைவிட அதிகமாகத் திரவத்தை ஊற்றினால் ரத்தம் நீர்த்துப்போகும்.

குடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கிறது என்று 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் விளக்கினார்; தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. 1971இல் வங்க எல்லை அகதி முகாமில் காலராவோடு போராடிய மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலால் ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்ததும் இதே வழியில்தான். சைக்கிள்காரருக்கும் அது போதும். உப்புப் போட்ட நீர்மோர் நல்ல பானம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடவே கொஞ்சம் உப்புக்கடலையைக் கொறித்தால் கணக்குச் சரியாகும்.

வெயிலுக்குப் பழகுவதும் உண்மையான மாற்றம்தான். ஒன்றிரண்டு வாரம் தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் மிதித்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் துளிர்க்கும், அதில் போகும் உப்பும் குறையும். குளிர்பதன அறையிலிருந்து நேராக வந்து ஞாயிற்றுக்கிழமை ஐம்பது கிலோமீட்டர் மிதிக்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

மே மாதமே போயாக வேண்டும் என்றால் விடிவதற்குள் கிளம்புங்கள், பத்து மணிக்குள் ஏதாவது ஒரு வளவுக்குள் போய்விடுங்கள், நாலரைக்கு மேல் வெளியே வாருங்கள். கூட வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ வியர்வை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நிழலில் கிடத்தி, 108ஐ அழைத்து, வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.