விடாது கருப்பு: எழுத்திலிருந்து திரைக்கு

ஆந்திர மாநிலத்தில் சித்தூருக்கு அருகே, பாகுதா ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் காணிப்பாக்கம். இங்குள்ள வரசித்தி விநாயகர் கோயில் முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் கட்டப்பட்டது என்பர். இக்கோயிலுக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. கொடுக்கல் வாங்கல், திருட்டு முதலியவற்றில் யார் சொல்வது உண்மை என்று தெரியாதபோது, மக்கள் இங்கு வந்து நீராடிச் சத்தியம் செய்கின்றனர். பொய்ச்சத்தியம் செய்தவரை இறைவன் தண்டிப்பான் என்னும் அச்சம், பலரைச் சத்தியம் செய்யும் முன்பே உண்மையை ஒப்புக்கொள்ளச் செய்துவிடும்.

தமிழகத்திலும் இத்தகைய வழக்கம் உண்டு. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்கோவிலில், பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னிலையில் மக்கள் சத்தியம் செய்து வழக்குகளைத் தீர்த்துக்கொள்வர். கருப்பர் ஒரு காவல் தெய்வம். கையில் அரிவாளுடன் இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவார் என்றும், தவறு செய்தவரை விடமாட்டார் என்றும் சிற்றூர் மக்கள் நம்புகின்றனர்.

இந்த நம்பிக்கையைக் கருவாகக் கொண்டு எழுதப்பட்ட நாவல் ‘விட்டுவிடு கருப்பா’. இதன் ஆசிரியர், மதுரையில் வாழ்ந்து 2024ஆம் ஆண்டு மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். இந்நாவல், 1990களின் பிற்பகுதியில் ‘மர்மதேசம்’ என்னும் தலைப்பின்கீழ் ‘விடாது கருப்பு’ என்ற தொடராகச் சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த இத்தொடரை நாகா இயக்கினார்.

இரண்டு தலைப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு நயம் விளங்கும். ‘விட்டுவிடு கருப்பா’ என்பது அஞ்சி நடுங்கும் மனிதனின் கெஞ்சல். ‘விடாது கருப்பு’ என்பது அதற்குக் கிடைத்த விடை. உயர்திணையாகக் கருதினால் ‘கருப்பர் விடமாட்டார்’ என்று கூறியிருக்க வேண்டும். ‘விடாது’ என அஃறிணை முடிவு கொடுத்ததால், வருவது தெய்வமா, பேயா, வேறு ஏதேனும் ஒன்றா என்ற ஐயம் தலைப்பிலேயே தோன்றிவிடுகிறது.

கதை ஒரு சிற்றூரில் நிகழ்கிறது. அவ்வூரில் தவறு செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறக்கின்றனர். கருப்பர் தண்டித்துவிட்டார் என்று ஊரார் நம்புகின்றனர். நகரத்தில் படித்த பெண் மருத்துவர் ஒருவரோ, அந்த நம்பிக்கைக்குப் பின்னே இருப்பது என்ன என்று ஆராய முற்படுகிறார். மர்மக் கதையின் முடிவை முன்கூட்டியே சொல்வது முறையன்று என்பதால், அது இங்குக் கூறப்படவில்லை.

நாவலைத் தொடராக்குவது, வசனங்களைப் பிரித்து எழுதுவதோடு முடிந்துவிடும் பணி அன்று. ‘அவன் உள்ளூர அஞ்சினான்’ என்று எழுத்தாளர் ஒரே வரியில் எழுதிவிடலாம். திரையில் அதே அச்சத்தை நடிகரின் கண்ணும், அறையின் இருளும், இசையும் உணர்த்த வேண்டும். குதிரையைக் காட்டும் முன் அதன் குளம்பொலியை மட்டும் கேட்கச் செய்தால், காண்பவரின் மனம் தானே ஒரு குதிரையைப் படைத்துக்கொண்டு அஞ்சும். எதைக் காட்டுவது என்பதைப் போலவே, எதைக் காட்டாமல் வைப்பது என்பதும் இயக்குநரின் கலையாகும்.

காத்திருக்க வைப்பதும் அக்கலையின் ஒரு பகுதியே. இதனைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தபோது, ‘தொடரும்’ என்ற ஒரு சொல் வாசகர்களை அடுத்த வாரம் வரை காக்க வைத்தது. பிற மொழியினரும் எழுத்தைத் திரைக்குக் கொண்டு சென்றுள்ளனர். சரதிந்து பந்தோபாத்யாய் வங்காளத்தில் எழுதிய துப்பறியும் கதைகள், 1993ஆம் ஆண்டு ‘பியோம்கேஷ் பக்‌ஷி’ என்னும் இந்தித் தொடராகத் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயின. நாவலில் பொறுமை இழந்தவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அந்நாளில் வாராந்தரத் தொடரைக் கண்டவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அடுத்த பகுதி வரும்வரை வீட்டிலும் தெருவிலும் ‘கொலையாளி யார்?’ என்று பேசிக்கொண்டிருப்பதே அவர்களால் இயன்றது.

‘விடாது கருப்பு’ எழுப்பும் வினா அந்த ஊருக்கு மட்டும் உரியதன்று. தெய்வத்திடம் கொண்ட அச்சம் பொய்யனைத் திருத்தலாம். அதே அச்சம், ‘இது எவ்வாறு நிகழ்ந்தது?’ என்று கேட்க வேண்டியவரின் வாயையும் அடைத்துவிடலாம். நம்பிக்கையைப் பழிக்காமல் கேள்வியைக் கேட்பது எப்படி என்பதே இக்கதையின் உள்ளீடு.

பிற மாநிலங்களில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலர், வீட்டில் தமிழ் பேசுவர்; தமிழ்த் தொடர்களையும் எளிதில் புரிந்துகொள்வர். ஆனால், தமிழ் எழுத்துகளை வாசிக்கத் தயங்குவர். தொடரைக் காணும்போது, கருப்பரின் உருவத்தை இயக்குநர் தீர்மானித்துவிடுகிறார். நாவலை வாசிப்பவரோ, தம் பாட்டி சொன்ன ஊரையும், விடுமுறையில் கண்ட எல்லைச்சாமியையும் கொண்டு தமக்கென ஒரு கருப்பரைப் படைத்துக்கொள்கிறார். எழுத்தைக் கற்றவருக்கே அந்த வாய்ப்பு வாய்க்கும்.

சொல்லும் பொருளும்
முன்னிலை – எதிரில்
ஐயம் – சந்தேகம்
குளம்பொலி – குதிரையின் காலடி ஓசை
உள்ளீடு – உள்ளே அமைந்த பொருள்

சிந்தித்து எழுதுக
1. காணிப்பாக்கத்திற்கும் அழகர்கோவிலுக்கும் உள்ள பொதுவான வழக்கம் யாது?
2. ‘விடாது’ என்னும் சொல் தலைப்பில் ஐயத்தைத் தோற்றுவிப்பது எவ்வாறு?
3. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அவர் ஊர்க் காவல் தெய்வத்தைப் பற்றிக் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.