தொண்டை வலி மூளை வரை போகுமா? குழந்தைகளிடம் திடீர் மாற்றம் வந்தால் கவனிக்க வேண்டியவை

திருச்செங்கோடு பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா இருவருக்கும் பெங்களூருவில் ஐ.டி. வேலை. எட்டு வயது மகள் அம்மாயி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். பொங்கல் லீவில் அவளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். மெடிக்கலில் வாங்கிய மாத்திரையில் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. எல்லோரும் மறந்தும் விட்டார்கள்.

சித்திரை பிறக்கும்போது வேறு பிரச்சினை. கையெழுத்து கோணலாகிறது. டம்ளர் கைநழுவி விழுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தோளும் விரல்களும் துள்ளுகின்றன. காரணமே இல்லாமல் அழுகை. "வேணும்னே பண்றா" என்கிறார் டீச்சர். "எங்கியோ பயந்திருக்குது, மந்திரிச்சு விட்டா சரியாப் போயிரும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்த வரிசையில் நடப்பது கற்பனை அல்ல. மூன்று மாதத்துக்கு முன்பு வந்த தொண்டை வலிக்கும் இன்று துள்ளும் விரல்களுக்கும் தொடர்பு இருக்கலாம். அதைத் தவறவிட்டால் பாதிக்கப்படுவது மூளை மட்டுமல்ல, இதயமும்தான்.

யார் இந்த 'ஸ்ட்ரெப்'?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது ஒரு பாக்டீரியா குடும்பம். அதில் 'ஏ' பிரிவுதான் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்குத் தொண்டையில் அடிக்கடி தொற்றை உண்டாக்குகிறது. குழந்தைகளின் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அது தானாகவே சரியாகிவிடும். சுமார் 10-க்கு 2 அல்லது 3 பேருக்கு மட்டுமே ஸ்ட்ரெப் காரணமாக இருக்கும்.

கிருமி உள்ளே வந்ததும் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. கிருமியின் மேல்தோலில் உள்ள புரதத்தையும் சர்க்கரையையும் அடையாளமாக வைத்துத்தான் இவை தாக்கும். சிக்கல் இங்கேதான். ஸ்ட்ரெப் கிருமியின் சில அடையாளங்கள் நம் இதயத் திசுவிலும் மூளையின் நரம்பு செல்களிலும் இருப்பவற்றைப் போலவே இருக்கின்றன. திருடனைத் தேடி வந்த போலீஸ், அதே நிறச் சட்டை போட்ட வீட்டுக்காரரைப் பிடித்துப்போவது மாதிரி, எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கத் தொடங்குகிறது. கிருமி செத்த பிறகும் இந்த ஆள்மாறாட்டம் தொடரலாம்.

மூளையில் இந்தத் தாக்குதல் நடக்கும் இடம் 'பேசல் கேங்லியா'. கை, கால் அசைவு, பழக்கவழக்கம், உணர்ச்சி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் ஆழமான பகுதி அது. 2003-ல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் மேடலின் கன்னிங்ஹாம் குழு, நோயாளிகளிடமிருந்து பெற்ற ஆன்டிபாடிகள் ஸ்ட்ரெப்பின் சர்க்கரையையும் நரம்பு செல்லையும் ஒருசேரப் பிடிப்பதைக் காட்டியது.

சந்தேகமே இல்லாத நோய்: சிடன்ஹாம் கொரியா

மேலே சொன்ன சிறுமிக்கு இருப்பது பெரும்பாலும் இதுவாக இருக்கலாம். 1686-ல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பிறகு வரும் ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு வடிவம் இது. மற்ற அறிகுறிகள் சில வாரங்களில் வந்துவிடும். கொரியா மட்டும் ஒன்று முதல் எட்டு மாதம் வரை தாமதித்து வரலாம். அதனால்தான் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. பெண் குழந்தைகளிடம் அதிகம்.

வீட்டிலேயே கவனிக்கச் சில அடையாளங்கள் உண்டு. நாக்கை நீட்டிக்கொண்டே இருக்கச் சொன்னால் குழந்தையால் முடியாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் பிடி இறுகியும் தளர்ந்தும் மாறிக்கொண்டே இருக்கும், பால் கறப்பது மாதிரி. தூங்கும்போது அசைவுகள் நின்றுவிடும்.

கொரியா பொதுவாகச் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் கொரியா வந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இதய வால்வும் பாதிக்கப்பட்டிருக்கும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்காத பாதிப்பும் எக்கோ ஸ்கேனில் தெரியும். அடுத்தடுத்து ஸ்ட்ரெப் தொற்று வரும்போது வால்வு இன்னும் கெடும்.

'பாண்டாஸ்' என்பது என்ன?

1998-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் சூசன் ஸ்வீடோ குழு 50 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டது. ஸ்ட்ரெப் தொற்றை ஒட்டி இவர்களுக்குத் திடீரென ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயோ, 'டிக்ஸ்' எனப்படும் கண் சிமிட்டல், தோள் குலுக்கலோ வந்திருந்தது. இதற்கு 'பாண்டாஸ்' என்று பெயரிட்டார்கள். நேற்று வரை சாதாரணமாக இருந்த பையன், இன்று நாற்பது முறை கை கழுவுகிறான். அம்மாவை விட்டுப் பாத்ரூம்கூடப் போகமாட்டேன் என்கிறான். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறான். மெல்ல மெல்ல வருவதல்ல, ஓரிரு நாளில் தலைகீழாக மாறுவதுதான் இதன் முக்கிய அடையாளம். பிறகு 2012-ல், காரணம் ஸ்ட்ரெப்பாகவே இருக்க வேண்டியதில்லை என்று 'பான்ஸ்' என்ற விரிவான பெயரும் வந்தது.

டாக்டர்களே ஏன் ஒத்துப்போவதில்லை?

பாண்டாஸை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்ட்ரெப் தொற்றும் பொதுவானது, டிக்ஸும் பொதுவானது. இரண்டும் ஒரே குழந்தைக்குத் தற்செயலாகவும் வரலாம்.

ஆய்வுகளும் இரு பக்கமும் இழுக்கின்றன. 2017-ல் வெளியான டென்மார்க் ஆய்வு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை அலசியது. ஸ்ட்ரெப் உறுதியானவர்களுக்கு ஓசிடி வரும் வாய்ப்பு 51 சதவீதமும், டிக்ஸ் வரும் வாய்ப்பு 35 சதவீதமும் கூடுதலாக இருந்தது. ஆனால் மற்ற தொண்டைத் தொற்று வந்தவர்களுக்கும் மனநலப் பிரச்சினைகளின் வாய்ப்பு ஓரளவு கூடியிருந்தது. 2021-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வோ, ஏற்கெனவே டிக்ஸ் உள்ள 700-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. ஸ்ட்ரெப் வந்ததால் டிக்ஸ் மோசமானதாக அதில் தெரியவில்லை.

சிகிச்சையிலும் இதே நிலைதான். ரத்தத்திலிருந்து பிரிக்கப்பட்ட ஆன்டிபாடிகளை நரம்பு வழியே ஏற்றும் 'ஐவிஐஜி' 1999 ஆய்வில் பலன் தந்தது. 2016-ல் 35 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் வெறும் மருந்துக்கும் அதற்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இது விலை உயர்ந்த சிகிச்சை. இன்ஸ்டாகிராம் ரீல்ஸைப் பார்த்து "எம் பையனுக்குப் பாண்டாஸ்தான்" என்று முடிவுகட்டி, நகையை அடகு வைத்து ஊசி போடும் நோய் அல்ல இது. அதேசமயம், ஓசிடிக்கும் டிக்ஸுக்கும் நிரூபிக்கப்பட்ட நடத்தைச் சிகிச்சையும் மருந்துகளும் உண்டு. காரணம் ஸ்ட்ரெப்பா இல்லையா என்ற விவாதம் முடியும்வரை குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வேலூரில் 2001-02-ல் கிராமப்புறப் பள்ளிக் குழந்தைகள் 2,29,829 பேரைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவில் ருமாட்டிக் இதய நோய் இருந்தது. முன்பைவிட இது குறைவு, நல்ல செய்திதான். ஆனால் நோய் போய்விடவில்லை.

ஸ்ட்ரெப் நெருக்கத்தில் பரவும் கிருமி. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் ஹாஸ்டல் பள்ளிகளுக்குப் பெயர்போனது. ஒரே ஹாலில் வரிசையாகப் படுக்கை, ஒரே தண்ணீர்க் குழாய், பரீட்சை நேரத்தில் "லேசான காய்ச்சல்தானே" என்று கிளாஸுக்குப் போவது எல்லாமே கிருமிக்கு வசதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் வாரன் விமானப்படைத் தளத்தில், நெருக்கமான படைவீடுகளில் ஸ்ட்ரெப் பரவியபோதுதான் பென்சிலின் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கும் என்பது நிரூபிக்கப்பட்டது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* திடீர்க் காய்ச்சல், விழுங்கும்போது கடும் வலி, கழுத்தில் நெறிகட்டுதல், டான்சிலில் வெள்ளைப் படிவு இருந்து, இருமலும் மூக்கொழுகலும் இல்லை என்றால் ஸ்ட்ரெப்பாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

* பென்சிலின் அல்லது அமாக்ஸிசிலின் எழுதித் தந்தால் வழக்கமாக 10 நாள் கோர்ஸ். மூன்றாம் நாளே குழந்தை விளையாடப் போனாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. தொற்று தொடங்கி 9 நாளுக்குள் சிகிச்சை ஆரம்பித்தால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும்.

* அசைவிலோ குணத்திலோ திடீர் மாற்றம் வந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, போனில் வீடியோ எடுங்கள். டாக்டர் முன் அந்த அசைவு வராமல் போகலாம். கடந்த எட்டு மாதத்தில் வந்த தொண்டை வலியையும் மறக்காமல் சொல்லுங்கள்.

* கொரியா என்றால் எக்கோ அவசியம். ஏஎஸ்ஓ என்ற ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் கொரியா இல்லை என்று ஆகிவிடாது. அவ்வளவு நாள் கழித்து அந்த அளவு இறங்கியிருக்கலாம்.

* ருமாட்டிக் காய்ச்சல் உறுதியானால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சாதீன் பென்சிலின் ஊசி. இதய பாதிப்பு இல்லாவிட்டாலும் குறைந்தது 5 ஆண்டு அல்லது 18 வயது வரை, எது அதிகமோ அதுவரை. பாதிப்பு இருந்தால் இன்னும் நீளும். ஊசித் தேதி தள்ளிப்போகக் கூடாது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகள் நலப் பிரிவை அணுகலாம். பள்ளிக்கே வரும் ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழுவின் பரிசோதனைப் பட்டியலிலும் ருமாட்டிக் இதய நோய் இருக்கிறது. குழு வரும் நாளில் குழந்தையை லீவு போட வைக்காதீர்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416.

அந்தத் திருச்செங்கோட்டுச் சிறுமி திட்டு வாங்க வேண்டியவள் அல்ல. டம்ளரைக் கீழே போட்டது அவள் கை. போட வைத்தது அவள் இல்லை. "போன பொங்கலுக்கு இவளுக்குத் தொண்டை வலி வந்துச்சே" என்று வீட்டில் ஒருவருக்கு நினைவு வந்தால் போதும். அவளுடைய இதயத்தைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.